ஆச்சிமார் பணமும் ஒரு செங்கல் மாளிகையும்

பாரிமுனையிலிருந்து ராஜாஜி சாலையில் வடக்கே நடந்தால், இடக்கைப் பக்கம் ஒரு செங்கல் மாளிகை நிற்கும். இன்று அது பாரத ஸ்டேட் வங்கியின் கிளை. கட்டியபோது மதராஸ் வங்கியின் தலைமையகம். பெசன்ட் நகரிலிருந்து என்னோடு வந்திருந்த கல்லூரி மாணவிகள் ஆறு பேரும் முதலில் எதிர்ப்பக்கம் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், கல்கத்தாவுல பழைய பேங்க் பில்டிங்கை எல்லாம் ரிப்பேர் பண்ணி ம்யூசியமா திறந்துட்டாங்களாமே. இதையும் அப்படித் திறந்தா உள்ள என்ன வைப்பாங்க?"

"பழைய நாணயம், பழைய லெட்ஜர், இரும்புப் பெட்டகம், மீசை வெச்ச ஆம்பளைங்க படம்" என்றேன்.

"பொம்பளைங்க?"

"மார்ச் எட்டாம் தேதி ஒரு பேனர் வைப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரித்துக் கடக்கக் கூடியதல்ல. 35 வருடம் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பெண்களின் பணம் எந்த வழியாக உள்ளே வந்தது, பெண்கள் எந்த வழியாக வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நடைபாதையில் நின்று சொல்ல முடியாத பதில் இது.

முதலில் கட்டடம். மதராஸ் வங்கி 1843இல் 30 லட்ச ரூபாய் மூலதனத்துடன் தொடங்கியது. கல்கத்தாவின் வங்காள வங்கி, பம்பாய் வங்கி ஆகியவற்றோடு மூன்றாவது மாகாண வங்கி இது. 1921இல் மூன்றும் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின. 1955 ஜூலை 1 அன்று அது ஸ்டேட் வங்கி ஆனது. ராஜாஜி சாலைக்கு அப்போது முதல் கடற்கரைச் சாலை என்று பெயர். துறைமுகம் வந்து கடலைத் தள்ளிவிடும்வரை அலை இந்தக் கட்டடங்களுக்கு எதிரேதான் அடித்துக்கொண்டிருந்தது. 1890களின் பிற்பகுதியில் எழுந்த இந்த மாளிகைக்கு சாமுவேல் ஜேக்கப் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் மாற்றியமைத்தார் என்பார்கள். கட்டிக்கொடுத்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. எழும்பூர் அருங்காட்சியகக் கட்டடங்களையும் உயர் நீதிமன்றத்தையும் கட்டிய அதே ஒப்பந்தக்காரர்.

வரைந்தவர், திருத்தியவர், கட்டியவர். பாரம்பரிய நடையில் கூட்டிப்போகிறவர்கள் இந்த மூன்று பெயரையும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நான்காவதாகச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. செங்கல்லைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏறியவர்கள், சுண்ணாம்பை அரைத்தவர்கள், தண்ணீர் தூக்கியவர்கள். நம் ஊரில் கட்டட வேலையில் சித்தாள் என்றால் பெரும்பாலும் பெண்தான், அன்றும் இன்றும். கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி, அந்த வித்தியாசம் அன்றும் இன்றும். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்குபோலத் தேய்த்தெடுக்கும் 'மெட்ராஸ் சுன்னம்' பற்றி வெள்ளைக்காரப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வியந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். அரைத்த கையைப் பார்க்கவில்லை.

இப்போது சென்னையில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறபோது சிமென்டை ஒதுக்கிவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும் பழைய முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரத்தை வெளியே விடும்; மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். இந்த மாளிகையிலும் 2014 ஜூலையில் மேல்தளம் தீப்பிடித்து எரிந்தது. அதன்பிறகுதான் நகரத்தில் பலரும் இப்படியொரு கட்டடம் இருப்பதையே கவனித்தார்கள். புதுப்பித்தல் என்றாலே சாரம் கட்டுவார்கள். சாரம் கட்டினால் சித்தாள் வருவாள். வேலை முடிந்து திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறிக்கும்போது அவள் அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பாள்.

கட்டடம் போகட்டும், உள்ளே இருந்த பணத்துக்கு வருகிறேன்.

இதே சாலையில் சற்றுத் தள்ளி இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அந்த இடத்தில் முன்பு ஆர்பத்நாட் கம்பெனி இருந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் மூன்றும் அன்றைய மதராஸின் பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள். ஆர்பத்நாட்டில் பணம் போடுவது அரசாங்கத்திடமே பணம் போட்டதுபோல என்று ஊர் நம்பியது. 1906 அக்டோபர் 22 அன்று கதவை மூடினார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் அதற்கு இரண்டு நாள் முன்னரே தற்கொலை செய்துகொண்டிருந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், கோயில் அறக்கட்டளைகள், விதவைகள்.

எல்லா வரலாறுகளிலும் இந்தப் பட்டியல் இதே வரிசையில்தான் வரும். விதவைகள் கடைசிச் சொல்லாக வந்து, வாசகரை ஒரு கணம் உச்சுக்கொட்ட வைத்துவிட்டு, அடுத்த வரியில் காணாமல் போவார்கள். அதற்குப்பின் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நம்மவர்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்று திரட்டியதும், 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழில் தொடங்கியதும் வரும். சுதேசிப் பெருமிதத்தோடு அத்தியாயம் முடியும். கிருஷ்ணசாமி ஐயரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. அந்த விதவைகளின் கையில் எப்படிப் பணம் வந்தது, வந்த பணத்தை ஏன் கம்பெனியில் போட்டார்கள் என்பதை மட்டும் நின்று கேட்க வேண்டும் என்கிறேன்.

அன்றைய இந்துச் சட்டத்தில் ஒரு விதவைக்குக் கணவன் சொத்திலிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஜீவனாம்சம். ஆண் வாரிசு இல்லாத, பாகம் பிரித்துக்கொண்ட குடும்பமானால் சொத்தே அவள் கைக்கு வரலாம். அதுவும் ஆயுள்வரை அனுபவிக்கத்தான். விற்கவோ எழுதிக்கொடுக்கவோ சுலபத்தில் முடியாது. அவள் இறந்தால் அது கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவளுடையது என்று சட்டமும் சாஸ்திரமும் ஒப்புக்கொண்டது சீதனம் மட்டும்: நகையும் பாத்திரமும் தாய்வீட்டார் கொடுத்த ரொக்கமும். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1874இலேயே வந்தது. ஆனால் இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் இதில் அடங்கமாட்டார்கள் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். நாட்டில் இருந்த பெண்களில் மிச்சம் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

நிலம் வாங்கி மேற்பார்வை பார்க்க வெளியே போக முடியாது. கடன் கொடுத்து வசூலிக்க ஊரார் வாசலில் நிற்க முடியாது. வீட்டிலேயே வைத்தால் மைத்துனன் கண் இருக்கும். நம்பகமான கம்பெனியில் போட்டுவிட்டு மாத வட்டியில் சாப்பிடுவது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய வழி. அவள் போட்டது பேராசையால் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளை அந்த வாசலுக்குத் தள்ளியது சட்டம். அந்த வாசலுக்குக்கூட அவள் போயிருக்க மாட்டாள். அண்ணனோ கணக்குப்பிள்ளையோ போய்க் கட்டிவிட்டு ரசீது கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

பெண்கள் பணம் என்றால் பரிதாபம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தார் வணிகக் கணக்கில் 'ஆச்சிமார் பணம்' என்றே ஒரு தலைப்பு உண்டு. பெண் கொண்டுவந்த சீதனப் பணத்தைத் தொழிலில் போட்டு, அவள் பேரில் தனியாகக் கணக்கு எழுதி வட்டி சேர்ப்பார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய் வட்டிக்கடை வைத்த செட்டியார்களின் முதலில், கோயில் பணம், உறவினர் பணம் ஆகியவற்றோடு இந்த ஆச்சிமார் பணமும் கலந்திருந்தது. இந்தியன் வங்கியின் தொடக்க மூலதனத்தில் நகரத்தார் பங்கு பெரிது. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் ஒரு நகரத்தார், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தமிழ்நாட்டு வங்கித் தொழிலின் அஸ்திவாரத்தைத் தோண்டினால் எத்தனையோ ஆச்சிகளின் சீதனம் தட்டுப்படும் என்று நான் எழுதினால் மிகை என்று சொல்வீர்களா? செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் காட்டுகிறார்கள். கணக்குப் பேரேட்டில் அந்தத் தலைப்பு இருக்கும் பக்கத்தைக் காட்டும் வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

வசதி இல்லாதவளுக்கு சிறுவாடு இருந்தது. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் சேர்ந்த காசு. அது கொஞ்சம் கனத்தால் சீட்டுக்குப் போகும், இன்னும் கனத்தால் ஒரு கிராம் தங்கம் ஆகும். தங்கம் அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போகும். மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற நிதிகளும் தெருமுனை மார்வாடி கடையும்தான் பெண்களுக்குத் தெரிந்த வங்கி. என் பாட்டி 'பேங்க்' என்ற சொல்லை உச்சரித்து நான் கேட்டதில்லை. 'நிதி' என்பாள், கோயிலைச் சொல்வதுபோல.

1937இல் விதவைக்குப் பங்கு கொடுத்த சட்டமும் ஆயுள் உரிமையைத்தான் கொடுத்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்தபிறகே பெண் கையில் இருக்கும் சொத்து முழுமையாக அவளுடையது ஆனது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. இந்த ஆண்டுகளையெல்லாம் கட்டடத்தின் ஆண்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் செங்கல் மாளிகை எழுந்து கிட்டத்தட்ட 60 ஆண்டு கழித்துத்தான் அதன் கவுன்டரில் ஒரு இந்து விதவை வந்து நின்று, கணவனிடமிருந்து வந்த சொத்தைப் பற்றி 'இது என் பணம்' என்று சட்டத்தின் முழு பலத்தோடு சொல்ல முடிந்தது.

இனி கவுன்டரின் மறுபக்கம்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. எழுபதுகளில் கிளைகள் பெருகின, எழுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். சிபாரிசு இல்லாத வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தேர்வு ஒரு பெரிய கதவு. நான் எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி நுழைந்தவள். எந்த வங்கி என்பது வேண்டாம். எல்லா வங்கியிலும் இதே கதைதான் என்று தோழிகள் சொல்வார்கள். பதவி உயர்வுக்கு உதவும் என்று சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்குப் படித்தேன். வங்கிச் சட்டம் என்ற தாளில் ஒரு பாடம், 'சிறப்பு வகை வாடிக்கையாளர்கள்'. அவர்களிடம் வங்கிக்காரர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பட்டியல்: மைனர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள், குடிபோதையில் இருப்பவர்கள், திவாலானவர்கள், மணமான பெண்கள், பர்தா அணியும் பெண்கள், எழுத்தறிவில்லாதவர்கள்.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கேஷியர் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த நான், படிக்கும் புத்தகத்தில் குடிகாரருக்கும் திவாலானவருக்கும் பக்கத்தில் இருந்தேன். மனப்பாடம் செய்து எழுதி, தேறியும்விட்டேன்.

எங்கள் கிளை ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. உயரமான கூரை, தேக்குக் கவுன்டர், பித்தளைக் கம்பி. பார்க்க அழகு. பெண்களுக்குக் கழிவறை கிடையாது. கட்டியவர்கள் கஞ்சத்தனத்தால் விட்டுவிட்டார்கள் என்றில்லை. அந்தக் கூடத்தில் ஒரு பெண் எட்டு மணி நேரம் இருப்பாள் என்பது அவர்கள் மனதில் தோன்றவேயில்லை. நாங்கள் மூன்று பேர் பக்கத்து டிபன் கடைக்குப் போவோம். போனால் ஒரு காபியாவது குடிக்க வேண்டும். காபி குடித்தால் திரும்பவும் போக வேண்டும். இதை இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். கர்ப்பமாக இருந்த மாதங்களில் சிரிப்பு வரவில்லை. பல வருடம் கழித்து அந்தக் கிளையைப் புதுப்பித்தார்கள். தேக்குக் கவுன்டருக்கு வார்னிஷ் அடித்துப் பாரம்பரியச் சின்னம் என்று ஒரு பலகை வைத்தார்கள். கழிவறையும் கட்டினார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் முக்கியமான நாள் இரண்டாவது வேலை முடிந்த நாள். அதற்குப் பலகை கிடையாது.

வாடிக்கையாளராக வந்த பெண்ணின் கதை இன்னும் நீளம். பிள்ளை பேரில் கணக்கு தொடங்க வருவாள், அப்பா கையெழுத்து கேட்போம். 1956 மைனர் காப்பாளர் சட்டம் முதலில் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்றது. தாயைக் காப்பாளராக வைத்து மைனர் பேரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று எழுபதுகளிலேயே ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் அதே ரிசர்வ் வங்கி, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் மகன் பேரில் கடன்பத்திரம் வாங்க, தான் காப்பாளர் என்று எழுதிக்கொடுத்தபோது, தந்தையின் கையெழுத்தைக் கேட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்தே வழக்குத் தொடுத்தார்கள். 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 'பின்' என்றால் தந்தை இறந்தபின் என்று மட்டும் பொருள்கொள்ள வேண்டியதில்லை, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் என்று கொள்ளலாம் என்றது. சட்டத்தைத் திருத்தாமல் ஒரு சொல்லுக்குப் பொருளை விரித்துக் காரியத்தை முடித்தார்கள். தந்தை இன்னமும் முதலில்தான் நிற்கிறார்.

தெருவில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு அந்தச் சேமிப்புக் கணக்குகூட எட்டாத உயரம். ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கியபோது, நாட்டுடைமை வங்கிகளிடமிருந்து பெண்களுக்குக் கடன் வாங்கித் தருவதுதான் முதல் திட்டமாக இருந்தது. வங்கி நேரம் அவர்கள் வியாபார நேரம். படிவம் படிக்கத் தெரியாது. கவுன்டரில் நிற்கிற தொனியே அவர்களைக் கூசவைத்தது. 1981இல் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். வங்கிகள் மாறட்டும் என்று காத்திருக்காத இந்த முடிவுதான் என் பார்வையில் தமிழ்நாட்டு வங்கி வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று.

எட்டு வருடம் கழித்து, 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. அந்தத் திட்டத்தில் கடன் கொடுத்த வங்கி இந்தியன் வங்கி. ஆர்பத்நாட் மூழ்கியதால் பிறந்த அதே வங்கி. பின்னர் 1995-96இல் அது 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அந்தக் கடனை வாங்கித் திருப்பாதவர்கள் தருமபுரிப் பெண்கள் அல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2000இல் தலைவராக வந்து அதைத் தூக்கி நிறுத்தியவர் ரஞ்சனா குமார், இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. ஒரு பெண்ணை எப்போது உச்சியில் உட்காரவைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கப்பல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் யாரும் கூப்பிடவில்லை.

அந்த மாணவி சொன்ன கல்கத்தாவை நானும் போய்ப் பார்த்தேன். 1935இல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அதன் மத்திய அலுவலகம் இருந்தது அங்கேதான். 1937இல் பம்பாய்க்கு மாறியது. அந்தப் பழைய அலுவலகம் இயங்கிய கவுன்சில் ஹவுஸ் தெருவில் 2019இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கீதா ஹரிஹரனின் அந்த விண்ணப்பத்தின் ஒரு பிரதியை இப்படியொரு இடத்தில் கண்ணாடிப் பேழையில் வைத்தால், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணத்தின் வரலாறு எவ்வளவு சுலபமாகப் புரியும் என்று நினைத்துக்கொண்டே சுற்றிவந்தேன்.

என்னை நிறுத்திவைத்தது அதே ஊரின் இன்னொரு கட்டடம். கரன்சி பில்டிங் என்பார்கள். 1833இல் ஆக்ரா வங்கிக்காகக் கட்டியது, பின்னால் அரசாங்கத்தின் நாணய அலுவலகமானது. 1990களில் அதை இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்து நிறுத்துவதற்குள் நடுக் கூடத்தின் குவிமாடங்கள் போய்விட்டன. பிறகு தொல்லியல் துறை எடுத்துப் பழுதுபார்த்து, 2020 ஜனவரியில் திறந்தது. போன குவிமாடங்களை அவர்கள் போலியாகத் திரும்பக் கட்டவில்லை. நடுவில் வானம் தெரிகிறது. சுற்றிலும் வளைவுகள், மேலே ஒன்றுமில்லை. இங்கே ஏதோ இருந்தது, இடிபட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. ராஜாஜி சாலை மாளிகையைப் புதுப்பித்துத் திறக்கும் நாள் வந்தால், பெண்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, மண்பானை உண்டியலும் தங்க நகை மாதிரியும் வைத்து, முதல் பெண் தலைவர் படத்தை மாட்டி நிரப்பிவிட வேண்டாம். 1900ஆம் ஆண்டுக் கூடத்தை அப்படியே காட்டுங்கள். கவுன்டரில் ஆண்கள், மேசையில் ஆண்கள், வரிசையில் ஆண்கள். பக்கத்திலேயே, இந்தக் கூடத்தில் இருந்த பணத்தில் யாருடையதெல்லாம் இருந்தது என்று எழுதி வையுங்கள். வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியட்டும்.

இப்படி அடம்பிடிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. மெரினாவில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வட்டக் கட்டடம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு அரசாங்கம் வாங்கி, சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவைகளுக்கான இல்லத்துக்குக் கொடுத்தது. மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் அங்கே தங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். இருபது வருடத்துக்கும் மேல் நடந்தது அது. கட்டடத்துக்குப் பின்னால் வைத்த பெயர் விவேகானந்தர் இல்லம். விவேகானந்தர் பெரியவர்தான். ஒன்பது நாளுக்கும் இருபது வருடத்துக்கும் உள்ள கணக்கு ஒரு பழைய வங்கி ஊழியைக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

'மக்களுக்குத் திறப்பது' என்பதில் மக்கள் யார் என்பதும் இருக்கிறது. எங்கள் பெசன்ட் நகரில் ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மாவிடம், பழைய வங்கியை எல்லாரும் பார்க்கும்படி திறந்தால் வருவீர்களா என்று கேட்டேன். தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகிறவர். வங்கிக் கணக்கும் வைத்திருக்கிறார்; அரசாங்கம் மாதாமாதம் போடும் ஆயிரம் ரூபாய் அதில்தான் வருகிறது.

"எத்தினி மணிக்கு தொறப்பாங்க?" என்றார்.

"பத்துலருந்து அஞ்சு இருக்கும்மா."

"அந்த டைம்ல நா கூடையோட இருப்பேன். கூடையோட உள்ள வுடுவாங்களா?"

புதுப்பிக்கிறவர்கள் வாசலில் சாய்தளம் வைப்பார்கள், விளக்கு வைப்பார்கள், நுழைவுச்சீட்டுக்கு க்யூஆர் கோடு வைப்பார்கள். கூடையை இறக்கிவைக்க ஒரு திண்ணையும், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் இரண்டு நாளும், பெண்களுக்குச் சுத்தமான கழிவறையும் அதே திட்டத்தில் சேரட்டும். இதற்குத் தேக்குக் கவுன்டரின் வார்னிஷ் செலவுகூட ஆகாது.

ஆவணங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாகாண வங்கிகளின் இயக்குநர் கூட்டக் குறிப்புகளும் பெரிய கணக்குகளும் பத்திரமாக இருக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் படித்துத் தடிமனான புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களின் கணக்கு அந்த அலமாரிகளில் கிடைப்பது அரிது. அது பரணில் இருக்கிறது. பாட்டியின் நிதிப் பாஸ்புக், கைநாட்டு வைத்த அடகுச் சீட்டு, சீட்டுக் கம்பெனி அட்டை, கணவன் பெயரில் தொடங்கி அடைப்புக்குறிக்குள் மனைவி என்று எழுதிய வைப்பு ரசீது, குழுவின் தீர்மான நோட்டு. கறையான் தின்பதற்குமுன் இறக்குங்கள். இரண்டு பக்கமும் படமெடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த வருடம், அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அன்று என்னோடு வந்த ஆறு மாணவிகளும் தொடங்கிவிட்டார்கள். இதுவரை சேர்ந்தவை 23. அதில் ஒன்று 1961இல் ஒரு கொள்ளுப்பாட்டி தன் சொந்தக் கையெழுத்தில், தமிழில், தன் பெயரை மட்டும் போட்டுத் தொடங்கிய கணக்கு.